தடைக்காலத்தில் அடங்கிய வலி ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: என் அம்மாவுக்கு 44 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. இரவு 2 மணிக்கே டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். போன ஐப்பசியில் இரண்டு கை விரல் கணுக்களும் மணிக்கட்டுகளும் வீங்கின. சிக்குன்குனியா என்று நினைத்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஜனவரியில் பரிசோதனை செய்தபோது ஆன்டி சிசிபி (ருமட்டாய்டைக் காட்டும் ரத்த எதிர்ப்பொருள்) மிக அதிகம், சிஆர்பி (அழற்சியின் அளவு) 38. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் என்று சொல்லி, மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் வாரம் ஒரு முறையும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்தார்கள். ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. வேலை குறைந்தது, வலியும் குறைந்தது. "வலி இல்லாதப்ப எதுக்கு மாத்திரை?" என்று மே மாதம் நிறுத்திவிட்டார். ஜூலை கடைசியில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இப்போது தினமும் ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். "ஐஸ்லயே கைய வச்சினு இருந்தா இப்டித்தான்" என்கிறார்.

நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி.என்.எஃப், இன்டர்லூக்கின் போன்ற சைட்டோகைன்கள் (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதங்கள்) ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை மாற்றிவிடுகின்றன என்று வகுப்பில் சொன்னார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யும் செல்தானே? அது எப்படி மூட்டை அரிக்கும்? மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாமா? ஐஸ் காரணமா? எனக்கும் வருமா?

– வாசகி, காசிமேடு

பதில்: உங்கள் அறிவியல் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன். அம்மா கேட்ட கேள்விக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. அதற்கு முன், இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். நிறுத்தி மூன்று மாதத்துக்கும் மேலாகிறது, நடுவில் தினமும் டைக்ளோஃபெனாக் வேறு. இரண்டுமே சிறுநீரகத்தோடு சம்பந்தப்பட்ட மருந்துகள். முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, முன்பு பார்த்த மருத்துவரிடமே போங்கள். மருந்தை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், 15 மில்லிகிராம் வேலை செய்யவில்லை என்று அவர் முடிவெடுத்து, தேவையில்லாமல் அடுத்த படி மருந்துக்குப் போய்விடுவார்.

இனி ஃபைப்ரோபிளாஸ்ட். அம்மாவின் விரலில் கத்தி பட்ட காயம் எப்படி ஆறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். அங்கே வந்த வெள்ளணுக்கள் டி.என்.எஃப்பையும் இன்டர்லூக்கின்-1ஐயும் சுரக்கின்றன. அந்தச் செய்தியைக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் முதலில் செய்வது நெய்வதல்ல, வெட்டுவது. சிதைந்த பழைய கொலாஜனை நொதிகளால் அறுத்து வழி உண்டாக்குகிறது. பிறகு டி.ஜி.எஃப்-பீட்டா என்ற வேறு செய்தி வந்ததும், வெட்டுவதைக் குறைத்துப் புதுக் கொலாஜனை இடத் தொடங்குகிறது. காயம் மூடியதும் செய்திகள் ஓய்கின்றன, வேலைக்கு வந்த செல்களில் பெரும்பகுதி தானாகவே மடிந்துவிடும். ஆக, வெட்டுவதும் நெய்வதும் ஒரே செல்லின் இரு வேலைகள். எப்போது எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சைட்டோகைன்கள் சொல்கின்றன. ருமட்டாய்டில் 'வெட்டு' என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது; 'போதும்' என்ற செய்தி வருவதில்லை.

மூட்டுக்குள் இது எங்கே நடக்கிறது? எலும்பின் முனையில் குருத்தெலும்பு. மூட்டைச் சுற்றிப் பை போன்ற உறை. அந்த உறையின் உள்பக்கத்தில் சைனோவியம் என்ற மெல்லிய சவ்வு. ஆரோக்கியமான மூட்டில் இதன் மேற்பரப்பு ஒன்று முதல் மூன்று செல் அடுக்கு கனம்தான். அதில் இருப்பவை இரண்டு வகைச் செல்கள்: குப்பை அள்ளும் மேக்ரோஃபேஜ்களும், ஹயலுரோனானும் லூப்ரிசினும் சுரந்து மூட்டை வழுக்க வைக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும். முழங்கால் போன்ற பெரிய மூட்டிலேயே இயல்பாக இருக்கும் திரவம் சில மில்லிலிட்டர்தான். ருமட்டாய்டு வந்த மூட்டில் இந்தச் சவ்வு பத்து அடுக்குக்கும் மேல் தடிக்கிறது, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, குருத்தெலும்பின் ஓரத்தில் படர்ந்து ஏறுகிறது. பானஸ் என்று படித்திருப்பீர்கள். அதன் முன்வரிசையில் நிற்பவை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளே.

அம்மாவின் கையில் இதை நீங்களே பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, இரண்டு கையையும் மெதுவாகப் பொத்தச் சொல்லுங்கள். இயல்பான கையில் கணுக்கள் மேடாகவும் அவற்றுக்கு நடுவே பள்ளமாகவும் தெரியும். பள்ளம் நிரம்பி, கணு வரிசை ஒரே மேடாகத் தெரிந்தால் அங்கே சவ்வு தடித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் எலும்பு போல இறுக்கமாக இராது. பிசைந்த மாவுபோல் மெத்தென்று அமுங்கும். தேய்மான மூட்டுவலியில் பெரும்பாலும் கடினமான முண்டுதான் தட்டுப்படும், அதுவும் நகத்தை ஒட்டிய மூட்டில். ருமட்டாய்டு அந்தக் கடைசி மூட்டை அநேகமாக விட்டுவிடும்.

செல்லுக்குள் நடப்பது உங்கள் பாடத்துக்கும் உதவும். மேக்ரோஃபேஜ் சுரந்த டி.என்.எஃப், ஃபைப்ரோபிளாஸ்ட்டின் மேல் உள்ள முதல் வகை ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. சாதாரண நேரத்தில் என்.எஃப்-கப்பா பி என்ற புரதத்தை ஐ-கப்பா பி என்ற இன்னொரு புரதம் சைட்டோபிளாசத்திலேயே பிடித்து வைத்திருக்கும். டி.என்.எஃப் ஒட்டியதும் ஒரு கைனேஸ் நொதி ஐ-கப்பா பியின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது; அது புரோட்டியசோம் என்ற, செல்லின் புரதக் குப்பை அரவையில் சிதைகிறது; விடுபட்ட என்.எஃப்-கப்பா பி அரை மணி நேரத்துக்குள் உட்கருவுக்குள் போய்விடுகிறது. அங்கே அது இயக்கும் மரபணுக்களைப் பாருங்கள்: இன்டர்லூக்கின்-6, வெள்ளணுக்களைக் கூப்பிடும் இன்டர்லூக்கின்-8, வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதி, கொலாஜனை அறுக்கும் எம்.எம்.பி நொதிகள். அதே என்.எஃப்-கப்பா பி புது ஐ-கப்பா பியையும் செய்ய வைக்கிறது. அதாவது, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. காயத்தில் அது போதும். மூட்டில் டி.என்.எஃப் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தால், இந்தத் தடுப்பால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

இன்னொன்று, சைட்டோகைன்களைத் தனித்தனியாகப் படிப்பதால் நழுவிப்போகும் விஷயம். டி.என்.எஃப் மட்டும் தரும் விளைவு ஒன்று, இன்டர்லூக்கின்-17 மட்டும் தரும் விளைவு ஒன்று என்றால், இரண்டும் சேர்ந்தால் வருவது வெறும் கூட்டுத்தொகை அல்ல, அதைவிடப் பல மடங்கு. மூட்டில் இவை சேர்ந்தேதான் இருக்கின்றன. கூடவே, செய்தி ஒருவழிப் பாதையும் அல்ல. ஃபைப்ரோபிளாஸ்ட் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் சிஆர்பியைச் செய்ய வைக்கிறது. அம்மாவின் 38 அங்கிருந்து வந்ததுதான். ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி இரும்புச் சத்தைப் பூட்டி வைப்பதும் அதே இன்டர்லூக்கின்-6தான். ஆகவே அம்மாவின் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், இரும்பு மாத்திரை மட்டும் போட்டு ஏறவில்லையே என்று திகைக்க வேண்டாம். மூட்டு அடங்கினால் அதுவும் ஏறும். மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது அரிப்புக்கு வருவோம். எம்.எம்.பி-1, எம்.எம்.பி-13 ஆகிய இரண்டும் கொலாஜனின் முப்புரிக் கயிற்றை நாலில் ஒரு பங்கு, முக்கால் பங்கு என்று ஒரே இடத்தில் துண்டிக்கின்றன. துண்டான கயிறு உடல் சூட்டிலேயே பிரிந்துவிடும். மிச்சத்தை மற்ற நொதிகள் தின்றுவிடும். எம்.எம்.பி-3 குருத்தெலும்பின் இன்னொரு பொருளான புரோட்டியோகிளைக்கனை உடைப்பதோடு, செயலற்றுக் கிடக்கும் மற்ற எம்.எம்.பிகளையும் எழுப்பிவிடுகிறது. குருத்தெலும்புக்குள் இருக்கும் காண்ட்ரோசைட் செல்களும் இன்டர்லூக்கின்-1 பட்டதும் கொலாஜன் செய்வதை விட்டுவிட்டு எம்.எம்.பி-13 செய்யத் தொடங்குகின்றன. வெளியே பானஸ், உள்ளே காண்ட்ரோசைட் என இருபக்கமும் அரிப்பு. எலும்பை ஃபைப்ரோபிளாஸ்ட் நேரடியாகத் தொடுவதில்லை. ராங்க்-எல் என்ற புரதத்தைத் தன் மேல் காட்டி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளை உருவாக்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு ஓரத்தில் எலி கடித்தாற்போல் தெரிவது இதுதான். ஆரம்ப மாதங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். அதை வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது.

குருத்தெலும்பில் உள்ள கொலாஜனின் அரை ஆயுள் நூறு ஆண்டுக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடல் அதைப் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் செய்கிறது. தோலில் காயம் ஆறுவதைப்போல் இது ஆறிவிடும் என்று எண்ணினால் அங்கேதான் தவறு. போனது போனதுதான். நாம் காப்பாற்றக்கூடியது மிச்சத்தை மட்டுமே. அதனால்தான் முதல் ஆறு மாதத்துக்குள் நோயை அடக்கிவிட வேண்டும் என்று இத்தனை அவசரப்படுகிறோம்.

அம்மாவின் கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். வலியை உண்டாக்குவதில் பெரும்பங்கு புராஸ்டாகிளாண்டினுக்கு. டைக்ளோஃபெனாக் தடுப்பது அதைச் செய்யும் காக்ஸ் நொதியை. மேலே நான் எழுதிய பட்டியலில் காக்ஸ்-2 ஒரு உருப்படி மட்டுமே. எம்.எம்.பி, ராங்க்-எல், இன்டர்லூக்கின்-6 எல்லாம் டைக்ளோஃபெனாக் போட்ட கையிலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன. அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டு அடுப்பை எரியவிட்டதுபோல. வலி இல்லாமல் அம்மா கத்தியை இன்னும் அழுத்திப் பிடிப்பார். உள்ளே சவ்வு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்வது வேறு மட்டத்தில். இந்தக் குறைந்த அளவில் அது செல்களுக்கு வெளியே அடினோசின் என்ற, அழற்சியைத் தணிக்கும் பொருளைக் கூட்டி, வெள்ளணுக்களும் சவ்வும் ஒன்றையொன்று தூண்டும் பேச்சைத் தணிக்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். தேதிகளை எண்ணிப் பாருங்கள். ஜனவரியில் ஆரம்பித்த மாத்திரை ஏப்ரல் மத்தியில் முழுப் பலனுக்கு வந்தது. தடைக்காலமும் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால், மாத்திரைக்குச் சேர வேண்டிய பெயர் ஓய்வுக்குப் போய்விட்டது. மே மாதம் நிறுத்தினார்; அதன் தாக்கம் வடிய சில வாரங்கள் ஆகும்; ஜூன் 15-இல் படகுகள் மறுபடி கடலுக்குப் போக, ஜூலையில் வீக்கம் திரும்பியது. நாள்கணக்கு சரியாகவே பொருந்துகிறது.

அம்மா சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை, அதையும் அவரிடம் சொல்லுங்கள். 2018-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், மூட்டின் மேல் விழும் பளுவே அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளைத் தூண்டி, வெள்ளணுக்களைக் கூப்பிடும் செய்திகளைச் சுரக்க வைப்பதும், அழற்சி எந்த மூட்டில் எந்த இடத்தில் தங்குகிறது என்பதைத் தீர்மானிப்பதும் தெரிந்தது. ஓய்வு கொடுத்தால் தூண்டல் குறையும். ஆனால் நோய்க்கு மூலமான எதிர்ப்பு சக்தியின் பிழையை ஓய்வு தொடுவதில்லை. வேலையும் பளுவும் நோயை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் நோயைக் கூட்டுகின்றன.

நிறுத்தியதும் ஏன் அதே விரல்களில் திரும்பி வந்தது? ருமட்டாய்டு மூட்டிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை, எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளுக்குள் மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள், 1990களில். தூண்டிவிட வெள்ளணுக்கள் யாரும் இல்லாத அந்த இடத்திலும் அவை குருத்தெலும்புக்குள் துளைத்துக்கொண்டு போயின. தேய்மான மூட்டிலிருந்து எடுத்தவை அந்த அளவுக்குத் துளைக்கவில்லை. அதாவது, நீண்ட நாள் சைட்டோகைன் மழையில் நனைந்த செல்லின் டி.என்.ஏ பொதியும் விதமே மாறி, அந்தச் சுபாவம் அதற்குள் பதிந்துவிடுகிறது. ஒரு முறை வீங்கிய மூட்டில் அடுத்த முறை சிறிய தூண்டலே போதுமானதாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை மருந்தை விடும்போதும் இந்தப் பதிவு ஆழமாகிறது என்பதுதான் என் கவலை. உங்கள் அம்மா விட்டது முதல் முறை. இன்னும் நேரம் இருக்கிறது.

மறுபடி ஆரம்பிக்கும்போது மருத்துவர் 10 அல்லது 15 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒரு முறை கூட்டி, தேவைப்பட்டால் 20–25 வரை கொண்டுபோகலாம். இந்த மருந்தில் உயிருக்கே ஆபத்தாக முடியும் தவறு ஒன்று உண்டு: வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிடுவது. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, வெள்ளணு தட்டணு எல்லாம் விழுந்துவிடும். இரண்டாவது தவறு, மாத்திரையின் அளவைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் நினைவில் வைப்பது. 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் 15. மெடிக்கலில் அடுத்த முறை 15 மில்லிகிராம் மாத்திரையே கொடுத்து, அம்மா பழக்கத்தில் ஆறு போட்டால் 90. ஸ்டிரிப்பில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் நீங்களே படியுங்கள். மூன்றாவது, 2.5 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். பிரித்து ஒரே டப்பாவில் போடக் கூடாது, ஸ்டிரிப்பிலேயே இருக்கட்டும்.

கிழமையை வேலைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு காசிமேட்டில் கூட்டம் அதிகம். மறுநாள் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்றால், ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பின் மெத்தோட்ரெக்ஸேட். குமட்டலும் அசதியும் வந்தால் தூக்கத்திலும் திங்களிலும் கழிந்துவிடும். ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வாரம் ஒன்று என்று எழுதியிருந்தால், மெத்தோட்ரெக்ஸேட் போடாத ஒரு நாளில், உதாரணமாக புதன்கிழமை. காலண்டரில் ஞாயிறுகளைச் சிவப்பிலும் புதன்களைப் பச்சையிலும் வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத சிராய்ப்புக் கன்றல், கண் மஞ்சள், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வார மாத்திரையைப் போடாமல் அன்றே காட்ட வேண்டும். வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் வாரத்திலும் அப்படியே. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றாவிட்டால் அளவு உடம்பில் ஏறிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறெதற்கோ கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் போடுவதைச் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டும் சேரவே கூடாது. அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கவில்லை என்றால், கர்ப்பம் தரிக்காதபடி பார்த்துக்கொள்வதும் கட்டாயம். இந்த மருந்து சிசுவைச் சிதைக்கும். மகளாக நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டாலும் நர்ஸிடம் அம்மாவையே பேசவிடுங்கள்.

அந்த 6 முதல் 12 வாரம் வரை வலியைத் தாங்க, மருத்துவர் குறைந்த அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதலாம். ஸ்டீராய்டு என்.எஃப்-கப்பா பியின் கையையே கட்டிவிடுவதால் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். அது பாலம் மட்டுமே. சில வாரம் போட்டபின் திடீரென்று நிறுத்தக் கூடாது, சொன்னபடி படிப்படியாகத்தான். பெயரில்லாப் பொடி, ஸ்டிரிப் இல்லாத உருண்டை எதையாவது யாராவது கொடுத்து, ஒரே ராத்திரியில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அளவு யாருக்கும் தெரியாது.

டைக்ளோஃபெனாக்கை வெறும் டீயோடு இரவு 2 மணிக்குப் போடுவது இரைப்பைப் புண்ணுக்கு நேர் வழி. மருத்துவரைப் பார்க்கும்வரை போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டபின், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மருத்துவர் எழுதிய அளவு மட்டும், கூடவே வேறு எந்த வலி மாத்திரையும் இல்லாமல். மலம் தாரைப்போல் கறுத்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரி.

அம்மாவின் வேலை நேரத்தையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். இந்த நோயில் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அதிகாலையில்தான் உச்சத்துக்கு ஏறுகிறது. அதை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அதற்குப் பிறகே முழுதாக எழுகிறது. காலை விறைப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். மற்றவர்கள் அந்த நேரத்தைத் தூக்கத்தில் கழித்துவிடுவார்கள். அம்மாவோ அதே நேரத்தில்தான் கத்தியைப் பிடிக்கிறார். "காலை 8 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின்" என்று வழக்கமாக எழுதும் சீட்டு அவருக்குப் பொருந்தாது. எந்த மாத்திரை எந்த நேரத்தில் என்று அவரையே மாற்றி எழுதச் சொல்லுங்கள். கிளம்பும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை அமிழ்த்தி, உள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் விறைப்பு கொஞ்சம் தளரும்.

ஐஸ் ருமட்டாய்டை உண்டாக்காது. ஐஸில் கை வைக்காத லட்சக்கணக்கானவர்களுக்கும் இது வருகிறது. குளிர் விறைப்பைக் கூட்டும், அவ்வளவே. ஆனால் ஐஸைத் தொட்டதும் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலமாகி, அப்புறம் சிவந்தால் அது ரேனாட் எனும் வேறு விஷயம். கேட்டுச் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது முக்கியமான குறிப்பு.

மீன் வெட்டும் கைக்குச் சில மாற்றங்கள் உடனே செய்யலாம். கத்திப் பிடி ஒல்லியாக இருந்தால் சின்னக் கணுக்களின் மேல் பளு கூடும். பிடியில் துணியைச் சுற்றி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை இறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். ஈரத்திலும் வழுக்காது, விரல்களை முழுதாக இறுக்காமலே பிடி நிற்கும். கத்தியைத் தினமும் தீட்டி வையுங்கள், மழுங்கிய கத்திக்கு இரட்டிப்பு அழுத்தம் வேண்டும். பெரிய வஞ்சிரத்தின் தலையை அறுப்பது, கூடையைத் தூக்குவது போன்றவற்றை வீக்கம் அடங்கும்வரை கூட இருப்பவர்களிடம் விடட்டும். கூடையைத் தூக்கியே ஆக வேண்டுமென்றால் விரல்களால் கவ்வாமல் முழங்கையில் தாங்கித் தூக்கலாம்.

முள் குத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல மருத்துவர்களுக்கு நோயாளியின் தொழில் தெரிவதில்லை. கெளுத்தி முள், இறால் கொம்பு, நண்டுக் கொடுக்கு எது கிழித்தாலும் கடல்நீர்க் கிருமிகள் உள்ளே போகும். மைகோபாக்டீரியம் மரினம் என்ற, காசநோய்க் கிருமியின் உறவான ஒன்று, முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டியாகத் தொடங்கி, தசைநாண் உறையைப் பிடித்துக்கொள்ளும். விரல் வீங்கும். பார்ப்பவர்கள் ருமட்டாய்டுதான் கூடிவிட்டது என்று நினைத்து, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தை ஏற்றிவிட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம். இரண்டு கையும் ஒத்தாற்போல் வீங்காமல் ஒரே ஒரு விரல் மட்டும் தொடர்ந்து வீங்கினால், அங்கே எப்போதாவது முள் குத்தியதா என்று நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். தடித்த ரப்பர் கையுறை போடட்டும். குத்திவிட்டால் ஓடும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சில மணி நேரத்தில் சிவப்பு பரவி, காய்ச்சல் வந்தால் காத்திருக்கவே கூடாது.

தசைநாண் உறையிலும் இதே ஃபைப்ரோபிளாஸ்ட் சவ்வு இருக்கிறது. மணிக்கட்டின் மேல்பக்கம் அது தடித்து அரித்தால், ஒரு நாள் சுண்டு விரலை நீட்ட முடியாமல் போகும், பெரிய வலி கூட இல்லாமல். அடுத்து மோதிர விரல். வலிக்கவில்லை என்று விட்டுவிட்டால் அடுத்த விரலும் போகும். அப்படி நடந்தால் அதே வாரத்தில் கை அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அதற்கு முன்பே, இரவில் மணிக்கட்டைத் தாங்க ஒரு ஸ்பிளின்ட் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சரியான அளவு மாத்திரை மூன்று முதல் ஆறு மாதம் போட்டும் அடங்கவில்லை என்றால் டி.என்.எஃப்பையே பிடித்துக் கட்டும் ஊசிகள் உண்டு. 1989-இல் லண்டனில் ருமட்டாய்டு சவ்வுச் செல்களை வளர்த்து அதில் டி.என்.எஃப்பை மட்டும் தடுத்தபோது இன்டர்லூக்கின்-1உம் சேர்ந்து விழுந்தது. ஒன்றைத் தடுத்தால் மற்றது ஈடுகட்டிவிடும் என்று பலரும் நினைத்திருந்த காலம் அது. ஃபெல்ட்மன், மைனி என்ற ஆய்வாளர்கள் 1992-இல் நோயாளிகளுக்கு டி.என்.எஃப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்ததற்கு இதுவே அடிப்படை. நம் ஊரில் ஒரு எச்சரிக்கை: நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காவல் நிற்பதும் டி.என்.எஃப்தான். காவலை எடுத்தால் கிருமி வெளியே வரும். எனவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மாண்டூ எனும் காசநோய்த் தோல் பரிசோதனை அல்லது அதற்கு இணையான ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை மூன்றும் தேவை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மறைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் விலக்க வேண்டியது எதுவும் இல்லை. மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். மது கூடாது, மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் தாங்காது.

சிக்குன்குனியா என்று முதலில் நினைத்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அந்த வைரஸும் மூட்டு ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுக்குள்ளேயே புகுந்து இதே சைட்டோகைன்களைத் தூண்டுகிறது. முதல் வாரங்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே பொதுவாக ஆன்டி சிசிபி உயர்வதில்லை. அதுதான் பிரித்துக் காட்டியது.

உங்களைப் பற்றி: தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல்தான். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. அறிகுறி இல்லாமல் இப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் தொடவே வேண்டாம். இந்த நோய்க்குப் புகை நிரூபணமான தூண்டுகோல். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். காலையில் கையை முழுதாகப் பொத்த அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதும், நான்கு விரல்களின் கணுக்களையும் யாராவது கைகுலுக்குவதுபோல் குறுக்கே அழுத்தினால் சுருக்கென்று வலிப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அப்போது வாருங்கள், வரும்போது அம்மாவின் ஜனவரி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.